டயப்பர் வாங்கப் போனவன் அக்காவுக்கு எழுதியது

அன்பும் அதட்டலும் குறையாத அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மகளும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துச் சலித்துப்போய் இதற்குள் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில், "முடியலேன்னா கௌரவம் பார்க்காம சொல்லு, நான் வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடறேன்" என்றாய். போனில் பதில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய் என்பதால் எழுதுகிறேன். முடியவில்லை அக்கா. வந்து கூட்டிக்கொண்டு போ.

உனக்குத் தெரியாதது இல்லை. இவள் அம்மா இங்கே படுக்கையில் கிடந்த மாதங்களில் மகளும் அங்கே மாப்பிள்ளை ஊரில் வயிற்றுப் பிள்ளையோடு படுக்கையில்தான் இருந்தாள். அசையக் கூடாது, பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசி முகத்தையும் போனில்தான் பார்த்தாள். இப்போது மாப்பிள்ளை கப்பலுக்குத் திரும்பிவிட, குழந்தையோடு இங்கே வந்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழவும் இல்லை. "தண்ணி சுட வைங்கப்பா", "கதவு தாழ் போட்டீங்களாப்பா", அவ்வளவுதான் பேச்சு. குழந்தையை நான் தூக்கப் போனால், "பரவாயில்லப்பா, நானே பார்த்துக்கறேன்" என்று வாங்கிக்கொள்கிறாள். குழந்தைக்கு டயப்பர் மாற்றும்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் வெளியே நின்று, உள்ளே பேத்தி அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவள் நேற்றுக் காலை, "டயப்பர் தீர்ந்துபோச்சு. துடைக்கிற ஈரத்தாளும், தடிப்புக்குப் போடற கிரீமும் வேணும். வாங்கிட்டு வரீங்களாப்பா?" என்று கேட்டதும், பெரிய பதவி கிடைத்தவன் போலச் சட்டையை மாற்றிக்கொண்டு மருந்துக்கடைக்குப் புறப்பட்டேன். அங்கே கல்லாவில் புதிதாக ஒரு பெண். டயப்பர் என்றேன். "எவ்வளவு எடை?" என்றாள். அக்கா, முப்பது வருஷம் எடை மேடையில் லாரி நிறுத்துப் பிழைத்தவன் நான். வாய் தன் பழக்கத்தில், "காலியாவா, சரக்கோடயா?" என்று கேட்டுவிட்டது. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "குழந்தைக்குத்தானே சார்?" என்றாள். வீட்டுக்குப் போன் போட்டேன். "மூணு கிலோ சொச்சம்பா" என்றாள் மகள். எங்கள் மேடையில் அந்த எடைக்கு முள் அசையக்கூட அசையாது. அடுத்து, "ஒட்டற மாதிரியா, பேன்ட் மாதிரியா?" என்றாள் கடைக்காரப் பெண். "அவளுக்கு நிக்கவே தெரியாதும்மா, பேன்ட் எதுக்கு?" என்றேன். "தொப்புள் கொடி விழுந்துடுச்சா? விழலேன்னா முன்பக்கம் வெட்டு வச்சது வேணும்." மறுபடியும் வீட்டுக்குப் போன். "ஈரமானா கோடு நீலமாகும், அது வேணுமா?" "அவ அழுதே சொல்லிடுவா." "துடைக்கிற தாள் வாசனையோடயா, வாசனை இல்லாமயா?" இதற்கும் போன் போட்டால் மகள் நானே வந்துடறேன் என்பாள் என்று பயந்து, வாசனை இல்லாததே போதும் என்றேன். எனக்குப் பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போக, ஒருவர் பெருமூச்சு விட்டது என் பிடரியில் பட்டது.

கிரீம் அந்தக் கோடியில் இருக்கிறது என்று அவள் கை காட்டினாள். போனேன். வழியில்தான் பெரியவர்களுக்கான டயப்பர் அலமாரி. பச்சைப் பொட்டலம், நடுத் தட்டு, இடது ஓரம். எத்தனை மாதம் இதே கடையில் அதை எடுத்திருக்கிறேன்! நான் எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன், கை எடுத்துவிட்டது. கிரீமை மறந்துவிட்டேன். பொட்டலத்தையும் கூடையில் போட்டுக்கொண்டு, பில் போட்டு, வழியெல்லாம் வேலையை முடித்துவிட்ட திருப்தியோடு நடந்து வந்தேன்.

பையை மகள்தான் பிரித்தாள். முதலில் வந்தது அந்தப் பொட்டலம். "இது யாருக்குப்பா?" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "தெரியாம வந்துடுச்சும்மா, திருப்பிக் குடுத்துடலாம்" என்று கை நீட்டினேன். அவள் தரவில்லை. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் அழும் சத்தம் கேட்டது. பேத்தி என் பக்கத்தில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அழுதது என் குழந்தை.

பிள்ளை பெற்ற உடம்போடு இருப்பவளை இப்படி அழ வைத்தேன். ஒரு டயப்பர் வாங்கத் தெரியாதவன் எதைக் காப்பாற்றப் போகிறேன்? ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து இரண்டு பேரையும் அழைத்துப் போய்விடு. நான் எப்படியும் இருந்துகொள்வேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள். எல்லோரும் தீர்க்காயுசாக, திட்டு வாங்காமல் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். உறை தேடிக்கொண்டிருந்தபோது மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அம்மாவுக்கு நீங்கதான் மாத்தினீங்களாப்பா?"

"பின்ன வேற யாரு?"

"அம்மா கூச்சப்படலையா?"

"முதல்ல சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவா. அப்புறம் குத்தம் சொல்ல ஆரம்பிச்சுட்டா. 'லாரிக்குத் தார்ப்பாய் கட்டற மாதிரி கட்டாதீங்க'ன்னு."

மகள் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே குரல் உடைந்துவிட்டது.

"நான் வரலையேன்னு கேட்டாங்களா?"

"உன்னைப் பத்தித் தினமும் கேட்பா. 'அவ எழுந்து நடக்காம ஒழுங்காப் படுத்திருக்காளா'ன்னுதான் கேட்பா. வரலையேன்னு ஒரு நாளும் கேட்டதில்லை."

வெகு நேரம் பேசினோம். அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். நடுவில் பேத்தி விழித்து அழுதாள். மகள் போய்த் தூக்கி வந்து, என் மடியில் வைத்தாள். "நீங்க மாத்துங்கப்பா, நான் பார்க்கறேன்" என்றாள். மேஜை மேல் துணி விரித்து மாற்றினேன். பழையதைக் கழற்றியதும் புதியதைப் போட்டுவிட வேண்டும், நடுவில் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பது எனக்கு இப்போது தெரியும்.

ஆகவே கூட்டிக்கொண்டு போக வராதே. சும்மா வா, நாலு நாள் இருந்துவிட்டுப் போ. இந்தக் கடிதம் மேஜை மேல்தான் கிடந்தது. ஓரத்தில் மை கலைந்திருப்பது பேத்தியின் வேலை. நடுவில் இருப்பது மகளின் கண்ணீர். மற்றதை ஆராய வேண்டாம்.