முதன்மையானவர் உட்காரும் இடம்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையை மணந்ததைத் தவிர வேறு சொத்து எதுவும் சேர்க்காத தங்கள் மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். எழுதிவிட்டேன், ஆனால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அங்கு தாங்களும் அக்காவும் தங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெயரில் ஒரு பொய் சொல்லிவிட்டேன். இந்த வாரத்தில் ஒருநாள் உங்கள் தங்கை போன் செய்து, "அண்ணே, அந்த ரிசீவர் நீ அனுப்பினதா?" என்று கேட்பாள். "ஆமாம்மா, நான்தான்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். கூடவே இருமவோ சிரிக்கவோ கூடாது. ரிசீவர் என்றால் ஹோம் தியேட்டர் ரிசீவர். டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, படத்தின் சத்தத்தைப் பிரித்து, அறையைச் சுற்றி வைத்திருக்கும் ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போடுகிற பெட்டி. பென்ஷன்காரனுக்கு இது எதற்கு என்று உங்கள் புருவம் மேலே போவது இங்கிருந்தே தெரிகிறது. இதற்கு மேல் எழுதுவதை அக்காவிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

போன மாதம் உங்கள் தங்கையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்துப் போனோம். டாக்டர் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொன்னார். கண் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறதாம். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து கடைசியில் நடுவும் போய்விடுமாம். சொட்டு மருந்து தள்ளிப்போடும், நிறுத்தாது. போன பார்வை திரும்பாது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். "இந்த வருஷம் ஓட்டிடலாம். அதுக்கப்புறம் சொல்றதுக்கில்லைங்க" என்றார். வெளியே வந்ததும், "என்னவாம்?" என்றாள். "சொட்டு மருந்து போட்டா சரியாயிடுமாம்" என்றேன். அதுதான் முதல் பொய். இன்றுவரை அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது. அதைத் தாங்குகிற தெம்பு அவளுக்கு இருக்கிறதோ இல்லையோ, சொல்லுகிற தெம்பு எனக்கு இல்லை.

அவளுக்கு இருக்கிற ஒரே பைத்தியம் சினிமா என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தினமும் சாயங்காலம் ஒரு படம் பார்த்தாக வேண்டும். ஆரம்பத்திலேயே, "இவன் சாகப்போறான் பாருங்க" என்று சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள். அவன் சொல்லிவைத்த மாதிரி சாவான். கண் போய்விட்டால் எங்கள் டிவியின் சத்தத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? எல்லாரும் ஒரே தகர டப்பாவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து பேசுகிற சத்தம் அது. யார் வந்தார், யார் போனார், கத்தி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது காதிலேயே தெரிய வேண்டும். துக்கத்தில் மனுஷன் என்னென்னவோ செய்கிறான். நான் ரிசீவர் தேடினேன்.

முதலில் பெரிய கடைக்குப் போனேன். உள்ளே ஏசியும் விலையும் சேர்ந்து நடுங்க வைத்தன. கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் வந்து, "பட்ஜெட் என்ன சார்?" என்றார். சொன்னேன். சாவு வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "இது எட்டு கே சப்போர்ட் பண்ணும் சார். படம் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். "படம் இருக்கட்டுங்க. சத்தம் எப்படி?" என்றேன். "சத்தமும் வரும் சார். ஆனா இதோட ஸ்பெஷலே படம்தான்." நான் விடவில்லை. "படத்தைப் பாக்காமலே, யாரு எங்க நிக்கிறாங்கன்னு தெரியுமா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படம் பாக்காம எதுக்கு சார் ஹோம் தியேட்டர்? ஒரு ரேடியோ வாங்கிக்கலாமே." பிறகு மனம் இரங்கி, மூலையில் கிடந்த ஒரு மலிவுப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "உங்க பட்ஜெட்டுக்கு இது. ஐயாயிரம் வாட். கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க சார்." மச்சான், அந்த மனிதர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் கண்ணை மூடு என்கிற வார்த்தையை அன்று நான் கேட்டிருக்கக் கூடாது.

கண்ணை மூடினால் என்ன, கை இருக்கிறதே. வேலையில் இருந்த காலமெல்லாம் தராசு இன்ஸ்பெக்டராகக் கடை கடையாக ஏறி எடைக்கல்லைச் சோதித்தவன் நான். அந்த ஐயாயிரம் வாட்டை ஒரு கையால் தூக்கினேன், தலையணை மாதிரி வந்தது. அவ்வளவு வாட் கொடுக்கிற பெட்டிக்குள் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்தாக வேண்டும். இதற்குள் காற்றும் வெளியே ஸ்டிக்கரும்தான் இருந்தன. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கிறவரிடம் போனேன். அவர் ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டி, "தூக்கிப் பாருங்க" என்றார். தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. நல்ல சாமான். ஐந்து ஸ்பீக்கரும், அடித்தொண்டையில் உறுமுகிற பெரிய பெட்டி ஒன்றும் சேர்த்துத் தருகிறேன் என்று ஒரு விலை சொன்னார். அந்த விலை எனக்கே சந்தேகமாக இருந்தது. "என்ன கோளாறு?" என்றேன். "முன்னாடி டிஸ்ப்ளே போயிடுச்சுங்க. நம்பர், எழுத்து ஒண்ணும் தெரியாது. மத்தபடி சத்தத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார். கண் போன ரிசீவர்! அதற்கப்புறம் நான் பேரம்கூடப் பேசவில்லை. ஸ்கூட்டரை விற்றுத்தான் வாங்கினேன். வண்டி மெக்கானிக்கிடம் இருப்பதாக உங்கள் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். அது இரண்டாவது பொய். மூன்றாவது பொய்தான் நீங்கள்.

பெட்டியைப் பொருத்திய கதையை எழுதினால் தபால் செலவு ஏறும், இருந்தாலும் எழுதுகிறேன். அறையை அளப்பதற்கு அதில் ஒரு மைக் உண்டு. 'முதன்மையாகக் கேட்பவர் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் மைக்கை வைத்துவிட்டு அனைவரும் அமைதியாக இருக்கவும்' என்றது கூடவே வந்த புத்தகம். என் நாற்காலியில் தலையணைகளை அடுக்கி அதன்மேல் வைத்தேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது, எங்கள் வீட்டில் ஃபேனே அந்த நாற்காலிக்கு மேலேதான் சுற்றுகிறது. பட்டனை அமுக்கியதும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் முறை வைத்துச் சீறியது. "என்னங்க அது, பாம்பா?" என்று உங்கள் தங்கை சமையலறையிலிருந்து அலற, அளந்ததெல்லாம் வீண். மறுபடி ஆரம்பித்தேன். பாதியில் அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டுப் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். "சார், மேல கேஸ் கசியுதா? நாற்காலியில உக்கார வச்ச பேஷன்ட் வாயைத் திறந்தபடியே எழுந்து ஓடிட்டாரு" என்றார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு வந்து டிவி திரையில் பார்த்தால், இடது பின்பக்க ஸ்பீக்கர் நாற்பது அடி தூரத்தில் இருப்பதாகப் பெட்டி கணக்குப் போட்டு வைத்திருந்தது. நாற்பது அடி தூரத்தில் இருப்பது பக்கத்து வீட்டுக் குளியலறை! மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்தது. வந்த சந்தோஷத்தில் பின்னால் நகர்ந்து, மைக்கை மிதித்து உடைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் படம் போட்டேன். முதல் காட்சியே மழை. எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணியை எடுக்கலாமா என்று பார்த்தேன், அப்படிப்பட்ட மழை. என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். வலப்பக்கம் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் அறைக்குக் குறுக்கே நடந்துபோனது. என் இடது தோளுக்குப் பின்னால் ஒருவன் மூச்சு விட்டான். இது போதும், இவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்து திரும்பினேன். சமையலறை வாசலோரம் தன் நாற்காலியில் உங்கள் தங்கை முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க இது, ஆளு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம்! பின்னாடி இருக்கிறவன் என் காதுக்குள்ளயே கத்துறான். யாரைக் கேட்டு வாங்கினீங்க? வித்துடுங்க" என்றாள். வேறு வழி தெரியாமல், "நான் வாங்கலை, உங்க அண்ணன் அனுப்பினாரு" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் கொடுத்ததை அவள் விற்க மாட்டாள் அல்லவா? "எங்க அண்ணன்? அனுப்பினாரு?" என்றாள். இத்தனை வருஷத்தில் உங்கள் கையிலிருந்து ஒரு சீப்புகூட இந்த வீட்டுக்கு வந்ததில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, சிரமத்தைச் சொல்கிறேன்.

அவளும் இப்போதெல்லாம் ஒரு மாதிரிதான் இருக்கிறாள். பொழுது சாய்ந்தாலும் லைட் போடுவதில்லை. கேட்டால் கரண்ட் பில் என்கிறாள். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரை டப்பாவுக்கு இரண்டு என்று மாட்டி வைத்திருக்கிறாள். ஏன் என்றால் அழகுக்காம். ஸ்டூலை ஒரு சாண் நகர்த்திவிட்டால் ஊரைக் கூட்டுகிறாள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வயதான பிறகு இப்படிக் கஞ்சத்தனமும் பிடிவாதமும் வந்ததுண்டா என்று விவரமாக எழுதவும்.

ஆகவே மச்சான், போன் வந்தால் 'நான்தான் அனுப்பினேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. அவளுக்குக் கண் இருக்கும்போதே காது பழகிவிட வேண்டும். ரிசீவர் வீட்டை விட்டுப் போனால் அப்புறம் வாங்க என்னிடம் விற்க ஒன்றும் இல்லை. உங்கள் முழங்கால்கள் இரண்டும் நீடூழி வாழ வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லி, இத்துடன் முடிக்கிறேன்.

என்றும் தங்கள் அன்பையும், இப்போதைக்குத் தங்கள் பொய்யையும் நம்பியிருக்கும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். தபால்தலை வாங்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்குத் திரும்பினேன். ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தது. என் நாற்காலியில் உங்கள் தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரிமோட்டை விரலால் தடவி, நான் எப்போதும் தப்பாக அமுக்குகிற பட்டனைச் சரியாக அமுக்கிச் சத்தத்தைக் குறைத்தாள். "கதவைச் சாத்திட்டு வாங்க. வில்லன் இப்பதான் மாடி ஏறுறான்" என்றாள்.

நான் கதவைச் சாத்தினேன். "அந்த டாக்டர் கதவைத்தான் சாத்தினாரு, வாயைச் சாத்தலை" என்றாள். "பெஞ்சுல இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. பக்கத்துல இருந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க." தெரிந்தும் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "என்கிட்ட சொல்லாம இருக்கறதுக்கு நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க! பாக்கப் பாவமா இருந்துச்சு" என்றாள். ரப்பர் பேண்ட் எதற்கென்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

"இதை விக்கச் சொன்னியே?" என்றேன். "அது என் இடத்துல உக்காந்து கேட்டப்ப. இங்க உக்காந்தாத்தான் எல்லாரும் அவங்கவங்க இடத்துல நிக்கிறாங்க. புத்தகத்தை நானும் புரட்டினேன். உங்க பெட்டியும் உங்களைத்தான் முதன்மையானவர்னு நம்பிக்கிட்டு இருக்கு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். நானும் அழுதேன். படத்தில் யாரும் எங்களுக்காக நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடியது.

மைக் உடைந்துவிட்டதால் இனி அளவை மாற்ற முடியாது. அதனால் நாற்காலியை மாற்றிக்கொண்டோம். முதல்முறையாக அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன் மச்சான். சமையலறைச் சுவரின் மூலை நீட்டிக்கொண்டு டிவியில் பாதியை மறைக்கிறது. "இங்கேருந்து பாதிப் படம் தெரியலையே!" என்றேன். "ஆமா" என்றாள். "இத்தனை வருஷமாவா?" "அடுப்பையும் பாத்துக்கணுமே. தெரியாத பாதியைக் காதுல பாத்துக்குவேன். சாகப்போறவன் குரல்லயே தெரிஞ்சிடும்."

இதை அவள் நாற்காலியிலிருந்துதான் எழுதுகிறேன். படம் இன்னும் முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவன் இருமினான். யார் அது என்று கேட்டேன். "சும்மா இருங்க, அவன்தான் சாகப்போறான்" என்கிறாள்.