பில்லின் அடியில் ஒரு நம்பர்

"பில்லுக்கு அடியில முறைப்பாட்டு நம்பர் என்டு போட்டீக்கிறது என்ட நம்பர் தானே, அரூஸ்?"

அக்குறணையில் மின்சாமான் கடை நடத்தும் ஹுஸைன் ஹாஜியார் இப்படிக் கேட்டதும், கடைக்கு பில் மென்பொருள் எழுதிய அரூஸ் மேசையில் கிடந்த பில்லைக் கவிழ்த்து வைத்தான். சோதனைக்குப் போட்ட தன் நம்பரை அவன் இன்னும் மாற்றியிருக்கவில்லை.

"ஓ ஹாஜி, ஒங்கட தான்!"

"எனக்கு ஒரு போன் கோலும் வரல்லயே! நம்மட சாமான் அவ்வளவு நல்லமா? அஸர் தொழுதிட்டு வந்து நானே அந்த நம்பருக்கு அடிச்சிப் பாக்கிறேன். சரியா ஈந்தா ஒங்கட வேலைய நிரந்தரமாக்குவோம்."

முறைப்பாடுகள் எல்லாம் அரூஸுக்கே வந்துகொண்டிருந்தன. அவனும் மெதுவாக இரண்டு வார்த்தை சொல்லுவான். கத்தியவர்கள் சிரித்துக்கொண்டே போனை வைப்பார்கள்.

ஹாஜியார் பள்ளிக்குத் தொழப் போனதும் அரூஸ், பில் புரோகிராமுக்கு வெளியே நம்பர் தனியாக இருந்த கோப்பைத் திருத்தி, அதை மட்டும் கம்பைல் செய்து இயங்கும் வடிவமாக்கிப் போட்டான். பில்லில் வந்தது அவன் நம்பர்.

கணினியை அணைத்து மறுபடி போட்டான். பில்லுக்கு நின்றவர்களின் வரிசை வாசல்வரை நீண்டது. மறுபடி அவன் நம்பர்.

ஆத்திரத்தில் அந்த வரியையே அழித்துக் கம்பைல் செய்தான். அப்போதும் அவன் நம்பர்!

"யா அல்லாஹ்! இல்லாத நம்பர் எங்கால வருது?"

பல்லேகலயில் மென்பொருள் வேலை பார்க்கும் தங்கச்சி ஹிதாயாவுக்குப் போன் அடித்து விஷயத்தைச் சொன்னான்.

"நம்பர கொன்ஸ்ட் என்டு போட்டீங்களா, நானா?"

"ஓ. மாறாத நம்பர் தானே?"

"நாசம்! கம்பைல் பண்ணுற நேரமே அது பில் புரோகிராமுக்குள்ள கொப்பியாகிரும். பொறகு இங்கால அழிச்சாலும் அதுக்குத் தெரியாது. ரீட்ஒன்லி என்டு போட்டீந்தா, பில் புரோகிராம் ஓடுற நேரம் இங்க வந்து பாத்து எடுக்கும். அழிச்ச வரிய அப்படி எழுதி, ரெண்டையும் திரும்பக் கம்பைல் பண்ணுங்க!"

பண்ணினான். வரிசையில் முதலாவதாக நின்ற பெண்மணி பல்பு வாங்கினார். பில்லில் ஹாஜியாரின் நம்பர்! அரூஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹாஜியார் வந்து அடித்துப் பார்த்தார். லைன் என்கேஜ்.

"என்ட போனில இருந்து எனக்கே அடிச்சா எப்படிப் போகும்!" வயிறு குலுங்கச் சிரித்தார். "நாளையில இருந்து நீங்க நிரந்தரம், மகன்."

அந்த நேரம் அவர் போன் அலறியது.

"பாருங்க, முதல் கோல்!" பெருமையோடு ஸ்பீக்கரைப் போட்டார்.

"தம்பி, நம்பர மாத்திட்டீங்க போல, இப்ப பல்புக்குத் தந்த பில்லப் பாத்துத்தான் கோல் எடுக்கிறேன். பிசினாறி ஹாஜி தொழப் போன நேரம் பழுதான குக்கர மாத்தித் தாறேண்டு சொன்னீங்களே, பின்கதவில நிக்கிறேன், தொறங்க!"