வெஸ்லிக்கு ஒரு 'ஏ'

"பி மைனஸா?" என்றார் மிஸஸ் ப்ரூயிட்.

டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் கல்லூரியில் எந்தெந்தப் பாடங்களை எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஆலோசகர் அவர். அழுகிறவர்களுக்காக மேசையில் டிஷ்யூ பெட்டி ஒன்று எப்போதும் தயாராக இருக்கும்.

"கெமிஸ்ட்ரி மேடம். எல்லாருக்குமே கஷ்டமான பாடம்தான்" என்றான் வெஸ்லி கார்வர்.

"எல்லாருமா டாக்டராகப் போறாங்க?"

வெஸ்லி ஒரு டிஷ்யூவை உருவிக்கொண்டான். மெடிக்கல் காலேஜில் இடம் கிடைக்காவிட்டால் அவனுக்கு ஒரே போக்கிடம்தான். ஊரில் அப்பா நடத்தும் சவ அடக்க நிலையம். கீழே பிணம், மேலே சாப்பாடு என்று பதினெட்டு வருடம் அந்த வீட்டில் வளர்ந்தவன், போதுமடா சாமி என்று ஓடி வந்திருந்தான். அப்பா விடுவதாக இல்லை. ஞாயிறு தவறாமல் போன் செய்வார்.

"உன்கிட்ட வர்றவனெல்லாம் கடைசியில என்கிட்டதானேடா வரப்போறான்? நடுவுல நீ எதுக்கு?"

பாடம் இருக்கிறது என்று வெஸ்லி போனை வைத்துவிடுவான்.

"உன்னை மாதிரி பயாலஜி, கெமிஸ்ட்ரின்னு படிச்சவங்க ஆயிரக்கணக்குல அப்ளை பண்ணுவாங்க" என்றார் மிஸஸ் ப்ரூயிட். "வித்தியாசமா ஏதாவது எடு. மார்க்கும் ஏறும், மனுஷனாவும் தெரிவே. கவிதை எடேன்."

கவிதை எடுத்தான். வகுப்புக்குள் நுழைந்தான். முப்பத்தைந்து பேர். எல்லாம் கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த அதே முகங்கள், அதே கலர் பேனாக்கள்.

"நீயுமா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"மனுஷனா தெரியணுமாம்."

"எனக்கும் அதேதான் சொன்னாங்க அந்தம்மா."

பேராசிரியர் ஒரு சோகக் கவிதையை வாசித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். உடனே பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. "சார், இது பரீட்சைக்கு வருமா?" முதல் ஐந்து பேருக்கு மட்டுமே 'ஏ' என்பது அவர் வகுப்புச் சட்டம். வெஸ்லி ஆறாவதாக வந்தான்.

"கையால செய்யிற வேலை ஏதாவது?" என்றார் மிஸஸ் ப்ரூயிட். "சர்ஜனுக்குக் கைதானே முக்கியம்."

மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தான். அங்கேயும் அதே முகங்கள். ஒருத்தி ஸ்கேல் வைத்து ஜாடிக்குக் கழுத்து அளந்துகொண்டிருந்தாள். வெஸ்லி அவசரத்தில் பிசைந்த மண்ணுக்குள் காற்று தங்கிவிட்டது. சூளையில் அவன் ஜாடி வெடித்ததோடு நில்லாமல் பக்கத்திலிருந்த ஏழு ஜாடிகளையும் சேர்த்துக்கொண்டு போனது. அவனுக்கு சி. ஏழு வருங்கால டாக்டர்கள் அவனுடன் பேசுவதை நிறுத்தினார்கள்.

அடுத்து 'மரணமும் துக்கமும்' என்ற பாடம். இதில் தன்னை யாரும் அசைக்க முடியாது என்று வெஸ்லிக்கு நம்பிக்கை. பிறந்ததிலிருந்து பார்த்ததைக் கட்டுரையாக எழுதி வகுப்பில் வாசித்தான். உடல் கெடாமல் இருக்க என்ன செலுத்துவார்கள், வாய் திறக்காமல் இருக்க எங்கே தையல் போடுவார்கள் என்று விவரமாகப் போய்க்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இரண்டு வருங்கால டாக்டர்கள் மயங்கி விழுந்தார்கள். 'தகவல் நிறைய. துக்கம் போதவில்லை. பி' என்று எழுதிக் கொடுத்தார் பேராசிரியை. அன்று ராத்திரி அவனுக்கு வந்த துக்கத்தை அவர் பார்த்திருந்தால் 'ஏ' போட்டிருப்பார்.

நான்காம் வருடம் பிறந்தது. பதினான்கு மெடிக்கல் காலேஜுகளுக்கு விண்ணப்பம் போட்டதில் பதின்மூன்று கைவிரித்துவிட்டன. மிச்சமிருந்த ஒன்று, 'டிசம்பர் மதிப்பெண்ணையும் பார்த்துவிட்டுத்தான் உங்களை நேர்காணலுக்கு அழைப்பதா என்று சொல்வோம்' என்று எழுதியிருந்தது.

வெஸ்லி இந்த முறை மிஸஸ் ப்ரூயிட்டிடம் போகவில்லை. பாடப் பட்டியலின் கடைசிப் பக்கம் வரை தானே தேடி, பழைய ஐஸ்லாந்து மொழியைப் பிடித்தான். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய பாஷை. யாரிடமும் மூச்சுவிடாமல் பெயர் கொடுத்தான்.

வகுப்பில் அவன் ஒருவன்தான். முதல் மாணவனும் அவன், கடைசி மாணவனும் அவன்.

பேராசிரியர் ஹால்வர்சனுக்கு ஐம்பது வயதிருக்கும். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்து வயிறு கழுவுகிறவர். "இருபது வருஷமா சொல்லித் தர்றேன். ஒருத்தனாவது இவ்வளவு ஒழுங்காப் படிச்சானா?" என்று உருகினார். வாரப் பரீட்சை எல்லாவற்றிலும் 'ஏ'. பாடம் முடிந்ததும் காபி வாங்கிக் கொடுத்து, எந்தக் காலேஜ் பாக்கி, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அக்கறையாக விசாரிப்பார். பெற்ற தகப்பன் கூட இப்படிக் கேட்டதில்லையே என்று வெஸ்லி நினைத்துக்கொண்டான்.

டிசம்பரில் முடிவு வந்தது. பி.

வெஸ்லி மூன்று முறை திரையை அணைத்துப் போட்டுப் பார்த்தான். பி, பி, பி.

அதே நேரம் போன் அடித்தது. "கறுப்பு கோட்டு ஒண்ணு உன் அளவுக்குத் தைக்கக் கொடுத்திருக்கேன். உன் உயரம் அதேதானேடா?" என்றார் அப்பா.

பனியில் வழுக்கி விழுந்து எழுந்து மொழித் துறைக்கு ஓடினான். ஹால்வர்சன் அறை பூட்டியிருந்தது. எதிரே அலுவலக உதவியாளர் லோர்னா சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் எங்கே மேடம்? தப்பா மார்க் போட்டுட்டார். இருக்கறதே நான் ஒருத்தன். எனக்கு பி போட்டா 'ஏ' யாருக்கு?"

"அய்யோ பாவம், உட்காருப்பா. முழங்காலெல்லாம் ரத்தம்."

"ரத்தம் கிடக்கட்டும் மேடம்! அவர் இன்னைக்கே திருத்தினாத்தான் எனக்கு இன்டர்வியூ வரும். எப்போ வருவார்?"

லோர்னா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அவரு இனிமே எங்கப்பா வரப்போறாரு? உன்னை இழுத்தடிக்குதே ஒரு மெடிக்கல் காலேஜ், அங்கேதான் டாக்டர் சீட்டுக்கு அவருக்கும் இன்னைக்கு இன்டர்வியூ. 'போட்டியில ஒரு ஆளு குறைஞ்சான்'னு சந்தோஷமாக் கிளம்பிப் போனாரு."