கணக்குச் சரி, ஆள் குறைவு

வருகைப் பட்டியலில் ஒரு பெயர்கூடப் பிசகாமல் இருக்கும்போது ஒரு முழு மனிதர் காணாமல் போக முடியுமா? அதுவும் ஆறடிக்கு மேல் உயரமும் செம்பட்டைத் தாடியும் கொண்ட ஒரு மனிதர்? முடியும் என்பதை ஆகாயகங்கை அருவியிலிருந்து திரும்பும் வண்டியில் ஒரு மாலையில் நான் தெரிந்துகொண்டேன். தெரியவைத்தவர் ரோல்கால்.

கொல்லிமலையில் ரோல்காலால் எண்ணப்படாத உயிர் ஒன்றும் கிடையாது. மலைமேல் வருகிற மேகங்கள் மட்டுமே தப்பித்தன. அவையும் ஓரிடத்தில் நின்று பெயர் சொல்லாத காரணத்தால்தான்.

அவருக்கு ஓர் இயற்பெயர் ரேஷன் அட்டையில் இருந்திருக்க வேண்டும். வளப்பூர் நாடு என்ற அந்த மலையூர்த் தொகுதியில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பியபோது அவர் கொண்டுவந்தவை மூன்று: ஓர் இரும்புப் பெட்டி, ஒரு விசில், ஒரு பழக்கம். நான்கு பேர் கூடிய இடத்தில் பெயர் கூப்பிட்டு எண்ணிப் பார்க்காமல் அவரால் மூச்சுவிட முடியாது. ராணுவத்தில் அதற்குப் பெயர் ரோல்கால்; ஊரும் அவரை அப்படியே அழைத்தது.

சேந்தமங்கலம் போகும் காலைப் பேருந்தில் அவர் ஏறினால், படிக்கட்டில் நின்று கடைசி இருக்கை வரை எண்ணி முடித்த பிறகே வண்டி நகரும். நடத்துநருக்கு இது தீராத மனக்குறை.

"ஏனுங்க ரோல்கால், இந்த வண்டிக்கு நா கண்டக்டருங்களா, நீங்க கண்டக்டருங்களா?"

"நீ டிக்கெட்டை எண்ணு சாமி. நா ஆளை எண்றேன். எழுவது கொண்டை ஊசி வளைவு இருக்குது. கீழ போய்ச் சேரறப்ப எத்தன பேர் இருக்கோமுன்னு தெரிய வேண்டாமா?"

அதற்குப் பிறகு அந்த வண்டியில் பயணம் செய்தவர்கள் அடிவாரம் வரை கம்பியை விடவில்லை.

அவருடைய தோட்டத்துப் பலாக்காய்கள் ஒவ்வொன்றிலும் கரியால் எண் எழுதியிருக்கும். ஒருமுறை பதினோராம் எண்ணை யாரோ பறித்துப் போய்விட்டார்கள். ரோல்கால் சண்டைக்குப் போகவில்லை. தேநீர்க் கடை முன்னால் நின்று, "பதினொண்ணு, சொல்லாம கொள்ளாம ஆப்சென்ட்" என்று மூன்று நாள் காலையில் அறிவித்தார். நான்காம் நாள் பதினொன்று, கொஞ்சம் பழுத்த நிலையில், அவர் வீட்டு வாசலில் வந்து ஆஜராகியிருந்தது. ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்துக்குக் கால்மணி முன்னால் மணமேடையை எண்ணிப் பார்த்து, "மாப்பிள்ளை ஆப்சென்ட்!" என்று கூவியவரும் அவரே. மாப்பிள்ளை கைப்பேசிக்குச் சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறியிருந்தார். ரோல்கால் எண்ணியிராவிட்டால் முகூர்த்தம் தவறியிருக்கும் என்று பெண் வீட்டார் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்த மனிதர் வாழ்ந்த ஊருக்குத்தான் நான் இரண்டு ஆங்கில ஆசிரியர்களை அழைத்து வந்தேன்.

நான் சமூகப்பணி படித்தவள். அப்போது ஒரு சிறு அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர். எங்கள் சமுதாயக்கூடத்தில் மாலை நேர ஆங்கில வகுப்பு ஒன்றைத் தொடங்கி, வேல்ஸ் நாட்டிலிருந்து மேகன் என்ற இளம்பெண்ணையும் ஓவன் என்ற இளைஞரையும் ஓராண்டுத் தன்னார்வப் பணிக்கு வரவழைத்திருந்தோம். இருபத்து நான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆங்கிலம் பேசிக் கேட்க அந்தப் பிள்ளைகளுக்கு வேறு இடம் இல்லை.

இடைஞ்சல் என்னவென்றால், அந்தக் கூடத்தை அதுவரை ரோல்காலும் அவருடைய இரண்டு ராணுவ நண்பர்களும் தங்கள் முகாமாகவே கருதி வந்தார்கள். ஒருவர் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்ததால் பட்டப்பெயர் சிக்னல். இன்னொருவர் லங்கர் எனப்படும் ராணுவச் சமையற்கூடத்தில் இருந்ததால் லங்கர். விடியற்காலை ஐந்து மணிக்கு, ராணுவத்தில் சேர விரும்பும் இளைஞர்களை மூவரும் விசில் ஊதி ஓடவைப்பார்கள். கூடத்துக்குப் பின்னறையில் தங்கியிருந்த ஓவன், முதல் நாள் விசிலுக்குத் தீ விபத்து என்று நினைத்துப் போர்வையோடு மைதானத்துக்கு ஓடிவந்தார். ரோல்கால் அந்த ஆறடிச் செம்பட்டைத் தாடிக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"சிவிலியன்" என்றார். மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லும் தொனி அது.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. ஐ.நா. அமைதிப்படையோடு ஓராண்டு ஆப்பிரிக்காவில் இருந்தபோது, அவர்கள் முகாமுக்கு அருகில் பல நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் தங்கியிருந்தார்களாம். "எங்க போறோமுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க அம்மிணி. காணாமப் போறது அவிங்க. காட்டுல தேடறது நாங்க. திட்டு வாங்கறதும் நாங்க" என்றார் ரோல்கால்.

ஓவனிடமும் ஒரு கதை இருந்தது. இங்கு வருவதற்கு முன் அவர் கொரியாவில், வெளிநாட்டுப் படைமுகாம் ஒன்றை ஒட்டிய ஊரில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கே சிப்பாய்கள் உட்காரும் உணவகத்துக்கு ஆசிரியர்கள் போவதில்லை. ஆசிரியர்கள் வேலை செய்ய மனமில்லாத சுற்றுலாப் பயணிகள் என்பது சிப்பாய்களின் கருத்து. சிப்பாய்கள் காலணி அணிந்த விசில்கள் என்பது ஆசிரியர்களின் கருத்து. ஆக, இருவரும் வெவ்வேறு தேசங்களில் தொடங்கிய பிணக்கை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, எங்கள் சமுதாயக்கூடத்தில் அவிழ்த்துவிட்டார்கள்.

தேநீர்க் கடையில் ராணுவத்தாருக்கு என்று ஒரு பெஞ்சு இருந்தது. ஓவன் அதில் காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து புத்தகம் படித்தார். அன்று மூன்று முன்னாள் வீரர்களும் நின்றுகொண்டே தேநீர் குடித்தார்கள், ஒரு மணி நேரம். பதிலுக்கு மறுநாள் மாலை ரோல்கால் ஒரு நீளமான நோட்டோடு ஆங்கில வகுப்புக்கு வந்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். "ஒண்ணு, அழகேசன்!" "பிரசன்ட் சார்!" என்று தொடங்கி இருபத்து நான்கு வரை கூப்பிட்டார். பிறகு, "இருபத்தஞ்சு, மேகன் டீச்சர்!" என்றார். மேகன் சிரித்துக்கொண்டே, "பிரசன்ட் சார்" என்றார். "இருபத்தாறு, ஓவன் சார்!"

ஓவன் வாயைத் திறக்கவில்லை.

"இவர்கள் குழந்தைகள், சிப்பாய்கள் அல்ல. நானும் சிப்பாய் அல்ல" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அதை நான் முடிந்தவரை மென்மையாக்கி மொழிபெயர்த்தேன். மூன்று வாரம் ரோல்கால் நாள்தோறும் இருபத்தாறைக் கூப்பிட்டார். மூன்று வாரமும் இருபத்தாறு மௌனம் காத்தது. நான்காம் வாரம் அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, எல்லோரும் பார்க்க அந்தப் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார்.

"இனி இவரு நம்ம ஸ்டிரென்த்துல இல்லைங்க."

ஸ்டிரென்த் என்பது ராணுவத்தில் ஒரு பிரிவின் மொத்த ஆள்பலம். ஓவன் அந்தக் கோட்டுக்குக் கைதட்டினார்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. கூடத்தைத் தங்களுக்கே ஒதுக்கும்படி ராணுவத்தார் மூவரும் ஊராட்சிக்கு மனு எழுதினார்கள். அறக்கட்டளைத் தலைவர் கீழிருந்து தொலைபேசியில் சொன்னார்: "இந்த மாதக் கடைசிக்குள் சமாதானம் ஆகாவிட்டால், ஆசிரியர்கள் இருவரையும் கீழே வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம்." யார் தோற்றாலும் வகுப்பை இழக்கப்போவது பிள்ளைகள்தாம். யோசித்து யோசித்து, இரு தரப்பையும் ஒன்றாக ஆகாயகங்கைக்குச் சுற்றுலா அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன். ஒன்றாக நடந்து, ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் வெறுப்பது கடினம் என்பது என் நம்பிக்கை.

பிள்ளைகளும் ஆசிரியர்களும் நானும் ரோல்காலும் ஒரு சிற்றுந்தில். சிக்னலும் லங்கரும் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு ஜீப்பில். அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கினோம், ஏறினோம். லங்கர் கிண்டிய தக்காளிச் சோற்றை ஓவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். என் உள்ளம் குளிர்ந்தது. மூன்றரை மணிக்கு மூடுபனி இறங்கத் தொடங்கியது. பிள்ளைகளை அவசரமாக வண்டியில் ஏற்றினோம். ரோல்கால் படிக்கட்டில் நின்று நோட்டைத் திறந்தார். ஒன்று முதல் இருபத்தைந்து வரை ஒரே மூச்சு.

"ஸ்டிரென்த் கரெக்ட்! ரைட் போலாம்!"

வண்டி இரண்டு கிலோமீட்டர் வந்திருக்கும். மேகன் பின்னிருக்கையிலிருந்து எழுந்து நின்றார். கையில் ஓவனின் தொப்பி.

"ஓவன் எங்கே?" என்றார், சுத்தமான தமிழில்.

ஓவன் ஜீப்பில் ஏறியிருப்பார் என்று மேகனும் நானும் நினைத்திருந்தோம். முன்னால் போன ஜீப்பைத் தொலைபேசியில் பிடித்தோம். "இங்க பாத்திரந்தாங்க இருக்குது" என்றார் லங்கர்.

ரோல்கால் நோட்டைத் திறந்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை.

"கணக்குச் சரி அம்மிணி. ஆளுதான் கொறையுது" என்றார் மெதுவாக. "இருவத்தி நாலு வருஷத்துல இப்படி ஒரு ரோல்கால் நா எடுத்ததில்லைங்க."

வண்டியைத் திருப்ப இடமில்லாத பாதை. ரோல்கால் கீழே குதித்து, பனிக்குள் பின்னோக்கி நடந்தபடி விசில் ஊத, ஓட்டுநர் அரைக் கிலோமீட்டர் பின்பக்கமாகவே ஓட்டினார். திரும்ப இடம் கிடைத்து நாங்கள் அருவிப் படிக்கட்டை அடைந்தபோது ஜீப்பும் வந்து சேர்ந்தது. பத்துப் படிக்கு அப்பால் உலகம் வெள்ளையாக இருந்தது. பிள்ளைகள் ஒரு படிகூட இறங்கக் கூடாது என்று நான் சொன்னேன். ரோல்கால் தலையசைத்தார். மேகன் அவர்களை மேலே கம்பித் தடுப்புக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினார். முதல் படியில் நான். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் லங்கர். அதற்கும் கீழே சிக்னல். எல்லோருக்கும் கீழே, பனிக்குள், ரோல்கால்.

கீழிருந்து குரல் வந்தது.

"ஒண்ணு, அழகேசன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, ஓவன் பேரைக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன். என் கூச்சலை லங்கர் சிக்னலுக்குக் கடத்தினார், சிக்னல் கீழே கடத்தினார். பதிலும் அதே வழியில் ஏறி வந்தது.

"வரிசை மாத்தக் கூடாதுன்னு சொல்றாருங்க!"

வேறு வழியில்லை. சிக்னல் வாங்கி, லங்கர் வாங்கி, நான் வாங்கிப் பிள்ளைகளிடம் சேர்த்தேன். "பிரசன்ட் சார்!" என்று அழகேசன் மலை அதிரக் கத்தினான். இரண்டு, பூங்கொடி. மூன்று, வெள்ளையன். ஒவ்வொரு பெயரும் கீழிருந்து மேலே ஏறியது. ஒவ்வொரு விடையும் மேலிருந்து கீழே உருண்டது. பாதிப் பெயர்கள் தாண்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது: பனிக்குள் நிற்கிற ஒருவருக்கு, படிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று காதாலேயே கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

இருபத்து நான்கு. இருபத்தைந்து. மேகன் கத்தியதில் அவருடைய தொண்டை கட்டிப்போனது.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பெயரை வாசிக்க அவ்வளவு நேரம் ஆகும்போலிருக்கிறது.

"இருவத்தாறு! ஓவன் சார்!"

இடப்பக்கம், படிகளைவிட்டு விலகி எங்கோ மரங்களுக்குள்ளிருந்து, வேல்ஸ் நாட்டு நாக்கில் கொல்லிமலைப் பிள்ளைகளின் அதே ராகத்தில் ஒரு குரல் எழுந்தது.

"பிரசன்ட் சார்ர்ர்!"

பிள்ளைகள் போட்ட கூச்சலில் பனி கொஞ்சம் விலகியது என்றுகூடச் சொல்வேன். அருவியிலிருந்து ஏறும்போது மிளகுக் கொடியைப் படம் எடுக்க ஒதுங்கியவர், விறகு வெட்டுவோர் தடத்தில் இறங்கிப் பள்ளத்தின் பக்கம் போயிருந்தார். ரோல்கால் அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். வண்டிப் படிக்கட்டில் நின்று ரோல்கால் மறுபடி எண்ணினார். இருபத்தாறு.

"பயமாக இருந்ததா?" என்று நான் ஓவனிடம் கேட்டேன்.

"முதல் பெயர் கேட்டதும் போய்விட்டது. அவர் இருபத்தைந்தோடு நிறுத்திவிடுவாரோ என்று மட்டும்தான் பயந்தேன்" என்றார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ரோல்கால் தனக்குத் தானே தண்டனை விதித்துக்கொண்டார்: நோட்டைத் தலைக்குமேல் இரு கைகளாலும் தூக்கிப் பிடித்து மைதானத்தை ஐந்து சுற்று. இரண்டாம் சுற்றில் பின்னறைக் கதவு திறந்தது. ஓவன் அரைக்கால் சட்டையோடு வந்து பக்கத்தில் ஓடத் தொடங்கினார்.

"ஏனுங்க சார், இது என்ற பனிஷ்மென்ட்டுங்க."

"சொல்லாமே போனது நான்" என்றார் ஓவன். ரோல்கால் நோட்டின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். மிச்சச் சுற்றுகளை இருவரும் ஒரே நோட்டைச் சுமந்து ஓடி முடித்தார்கள். பிறகு ராணுவப் பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு நால்வர் தேநீர் குடித்தார்கள். அன்று பகலிலேயே மனு திரும்பப் பெறப்பட்டது. எதிர்பார்த்தபடி அல்ல என்றாலும், என் சுற்றுலா வென்றது.

ஓவனும் மேகனும் ஓராண்டு முடித்து ஊர் திரும்பிவிட்டார்கள். இப்போது வேறு இரு ஆசிரியர்கள் வருகிறார்கள். அவர்கள் இருபத்தேழு, இருபத்தெட்டு. மாலை வகுப்பு அதே கூடத்தில் நடக்கிறது. ரோல்கால் இன்றும் இருபத்தாறைக் கூப்பிடுகிறார். "லீவுல இருக்காரு சார்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்கிறார்கள். அவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போகிறார். சிவப்புப் பேனாவை அவர் இப்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்வதில்லை.