துணை அமைச்சர் நட்சத்திரம்

அரசு அலுவலகங்களில் ஒளிவுமறைவு கூடாது என்பது உயர்ந்த கொள்கை. அந்தக் கொள்கையை எங்கள் வானாய்வகத்தில் நிலைநாட்டுவதற்காக, அமைச்சகம் ட்லோமோ என்ற அதிகாரியைப் பிரிட்டோரியாவிலிருந்து கேப்டவுனுக்கு அனுப்பி வைத்தது. 'வெளிப்படைத்தன்மை அலுவலர்' என்று அவருடைய அறைக் கதவில் பலகை மாட்டினார்கள். அந்தக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

நான் செய்திப் பிரிவில் இருக்கிறேன். என் மேசைக்கு எதிர் மேசை லிண்டெல்வா மக்கலிமாவுடையது. கரூ என்ற வறண்ட மேட்டுநிலத்தில் இருக்கும் எங்கள் தொலைநோக்கி தினமும் தெற்கு வானம் முழுவதையும் படம் எடுத்துத் தள்ளும். அவள் எழுதிய மென்பொருள் அந்தப் படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, விமானம், செயற்கைக்கோள், கேமராக் கோளாறு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, வானத்தில் உண்மையாகவே புதிதாக என்ன இருக்கிறது என்று சொல்லும். பெரும்பாலும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லும். அதுதான் ட்லோமோவை உறுத்தியது.

"மேடம், உங்க மென்பொருள் ஒரு நாளைக்கு எவ்வளவு விஷயத்தைத் தூக்கி எறியுது?"

"பல லட்சம் சார். எல்லாம் குப்பை."

"குப்பைன்னு முடிவு பண்ணது யாரு?"

"நான்தான்."

"தனி ஆளாவா? ஒரு குழு கிடையாதா?"

"சார், பறக்கற விமானத்தை நட்சத்திரம் இல்லேன்னு சொல்லக் குழு எதுக்கு?"

"விமானத்தோட தரப்பைக் கேட்டீங்களா?"

லிண்டெல்வா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

மறுநாள் உத்தரவு வந்தது. மக்கள் வரிப்பணத்தில் எடுக்கப்பட்ட எந்தப் படத்திலிருந்தும் எந்தப் பொருளையும் தன்னிச்சையாக நீக்கக் கூடாது என்று அது உரைத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மென்பொருளின் வடிகட்டியைக் கழற்றினாள். உடனே எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில், வைரம் போல ஒரு புள்ளி பளிச்சிட்டது.

"ஆகா! இது என்ன?" என்றார் ட்லோமோ.

"கேமராவுல ஒரு புள்ளி பழுதாகி எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு சார். இவ்வளவு நாளா நான்தான் மறைச்சு வச்சிருந்தேன்."

"மறைச்சு வச்சிருந்தீங்களா!" அவர் குரல் உயர்ந்தது. "வடக்கே பார்த்து எடுத்தாலும் தெரியுமா?"

"தெரியும்."

"தெற்கே?"

"தெரியும்."

"மேகமா இருந்தா?"

"கேமராவை மூடி போட்டு மூடினாக்கூடத் தெரியும் சார். அதனாலதான் சொல்றேன்..."

அவர் கேட்கவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. "எந்தத் திசையிலும் தெரியற, எந்த மேகமும் மறைக்க முடியாத நட்சத்திரம்! உலகத்துல வேற எந்த நாட்டுக்கு இருக்கு?"

லிண்டெல்வா இயக்குநர் வில்யூனிடம் ஓடினாள். "நீங்க வானியல் பேராசிரியர்தானே சார்? அவருக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"பேராசிரியரா இருந்தேன் லிண்டெல்வா," என்றார் அவர் வருத்தத்தோடு. "இப்ப இயக்குநர்."

நட்சத்திரத்துக்குத் துணை அமைச்சரின் பெயரைச் சூட்டத் தீர்மானமாயிற்று. துணை அமைச்சர்கள் அடிக்கடி மாறுவதால், வருகிறவர்கள் எல்லோரும் பயன்படுத்திக்கொள்ளும்படி 'துணை அமைச்சர் நட்சத்திரம்' என்று பதவியின் பெயரையே வைத்தார்கள். செய்திக் குறிப்பை நான்தான் எழுதினேன். என் நடையில் ஒரு கம்பீரம் உண்டு என்று பலரும் சொன்னார்கள். கடல் கடந்த ஒரு வானாய்வகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. தங்கள் கேமராவிலும் அந்த நட்சத்திரம் தெரிகிறதாம், சற்று இடப்பக்கமாக.

கரூவில் தொலைநோக்கியைப் பராமரிக்கும் கெரிட் மட்டும் கேமராவுக்கு மாற்றுப் பாகத்தோடு வந்து நின்றான். "கால் மணி நேர வேலை. மாட்டிடவா?"

தேசியச் சொத்துக்குச் சேதம் விளைவிக்க முயன்றதாக அவனிடம் விளக்கம் கேட்டார்கள். அவன் பாகத்தைத் தன் பிக்கப் வண்டியில் போட்டு, மேலே ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு திரும்பிப் போனான்.

இத்தனைக்கும் நடுவில் லிண்டெல்வா உத்தரவை மீறாமல் ஒரு காரியம் செய்தாள். அலுவலகப் படங்களில் கை வைக்கவில்லை. பிரதி எடுத்து, வீட்டுக் கணினியில் வடிகட்டிப் பார்த்தாள். ஒருநாள் காலையில், கையில் வெட்கூக் பணியாரம் இருப்பதையே மறந்தவளாக ஓடி வந்தாள்.

"வால்நட்சத்திரம்! புதுசு! கணக்குப் போட்டுட்டேன், சூரியனை நோக்கி வந்துட்டிருக்கு. குளிர்காலத்துல வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்!"

நான் எழுந்து நின்று கை கொடுத்தேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ட்லோமோ நிதானமாகக் கேட்டார்.

"எவ்வளவு நாள் இருக்கும்?"

"சில வாரம் சார்."

"அப்புறம்?"

"போயிடும். திரும்பி வரப் பல்லாயிரம் வருஷம் ஆகும்."

"அப்ப தற்காலிகம்." அவர் கோப்பை மூடினார். "நம்மகிட்ட ஏற்கெனவே நிரந்தரமா ஒண்ணு இருக்கே. தற்காலிகத்துக்கு விழா எடுக்க விதியில இடமில்ல."

"நானும் இங்க தற்காலிகம்தான் சார்."

"தெரியும் மேடம். அதனாலதான் மரியாதையாப் பேசறேன்."

அன்று அவள் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் ரூய்போஸ் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வருஷக்கணக்கா குப்பை பொறுக்கினேன்," என்றாள். "இப்பத்தான் ஒரு முத்து கிடைச்சுது. அதையும் குப்பைங்கறாங்க." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் உலக வானியல் பதிவகத்துக்குத் தன் பெயரிலேயே கணக்கை அனுப்பிவிட்டாள். அவர்கள் சரிபார்த்து, 'மக்கலிமா வால்நட்சத்திரம்' என்று அறிவித்தார்கள். எங்கள் செய்திமடலில் அந்த இதழில் இடம் இல்லை. துணை அமைச்சர் நட்சத்திரத்தின் பிறந்தநாள் சிறப்பிதழ் அது.

குளிர்காலம் வந்தது. தொலைநோக்கி இருக்கும் ஊரில் நட்சத்திர தரிசன விழா நடந்தது. விடுதிகள் நிரம்பிவிட்டன. மைதானம் முழுக்க ஆட்டுக்கறி சுடும் புகை. புதிய துணை அமைச்சர் ரிப்பன் வெட்டினார். "எந்தத் திசையில் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று ஒலிபெருக்கி சொன்னதும் ஊரே அண்ணாந்தது.

"அதோ! தேவாலயத்துக்கு மேல!"

"இல்ல, தண்ணித் தொட்டிக்கு மேல!"

"ரெண்டு பேரும் சரிதான்!" என்று தீர்ப்பளித்தார் வில்யூன்.

அந்தி மயங்கிய மேற்கு வானத்தில், பாதி வானத்துக்கு வெள்ளைத் தோகையை விரித்துக்கொண்டு மக்கலிமா வால்நட்சத்திரம் நின்றது. நான் அப்படி ஒன்றை என் ஆயுளில் கண்டதில்லை. ட்லோமோவும் அதைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"யாரது, மேற்கே விளக்குப் போட்டிருக்கறது? அணைக்கச் சொல்லுங்க! ஒரே வெளிச்சமா இருக்கு, நட்சத்திரம் தெரியல!"

கூட்டமும் ஆமோதித்துக் கையால் மேற்கை மறைத்துக்கொண்டது. கெரிட்டின் பிக்கப் வண்டிமேல் லிண்டெல்வாவும் அவனும் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. போய் அவர்களோடு உட்காரலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் சுற்றிலும் எல்லோரும் பார்க்கிறார்கள், நான் எழுதிய செய்திக் குறிப்பு வேறு இருக்கிறது. நானும் மேற்கை மறைத்துக்கொண்டு கிழக்கே உற்றுப் பார்த்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்தது.

பக்கத்தில் நின்ற என் மனைவி என் தோளை உலுக்கினாள். "என்னங்க, எனக்கு ரெண்டு தெரியுதே!"

ட்லோமோ சட்டென்று திரும்பினார். மகிழ்ச்சியில் அவர் முகம் பூத்துவிட்டது.

"ரெண்டா? அப்பாடா! தனக்கு ஒண்ணு இல்லேன்னு அமைச்சர் கோவிச்சுக்கிட்டே இருந்தாரு!"