உட்கார்ந்தே தேடுகிறவர்

ஓடிப்போய்விட்டாராம்! சொன்னது யார், எதிர் மாடித் தையல்காரிதானே? அவளுக்கு ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் போதாது. வம்பு கோக்க மட்டும் போதும். என் மருமகன் ஓடுகிற ஆளா? பஸ் கிளம்பினால்கூட ஓடமாட்டார், அடுத்தது வரட்டும் என்று நிற்பார். உலகத்தில் ஓடுகிற இனம் வேறு, தேடுகிற இனம் வேறு. இவர் தேடுகிற இனம். அந்த இனத்தைப் பற்றித் தெரியாதவர்கள் வாயைத் திறக்கக்கூடாது.

எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? அது உட்கார்ந்தே தேடும். கத்தரிக்கோல் வேண்டுமென்றால் முதலில் "எங்கே வச்சே?" என்று குரல் வரும். "எங்கே வச்சேன்" என்று ஒருநாளும் வராது. தொலைக்கிற பாவத்தை அந்த இனம் செய்வதே இல்லை, பெண்டாட்டிதான் செய்வாள். நாலு தரம் சத்தம் போட்டால் எழுந்துபோய், அலமாரியைத் திறந்து, ஒரு துணியைக்கூட நகர்த்தாமல், குற்றத்தை அலமாரியே ஒப்புக்கொள்ளட்டும் என்பதுபோல் உற்றுப் பார்த்து, கடைசியில் யாரோ எப்போதோ போட்ட கடிதம் ஒன்றைக் கண்டெடுத்து, நின்ற இடத்திலேயே படித்து, அதற்குப் பதில் போடாமல் விட்டோமே என்று வருந்திக்கொண்டே திரும்பி வரும். கத்தரிக்கோல்? அது இத்தனை நேரமும் அவர் உட்கார்ந்திருந்த மெத்தைக்கு அடியில். யானை காணாமல் போனால் பானைக்குள் கைவிட்டுத் தேடுவார்கள் என்பார்கள். இவர் அந்தப் பானையையும் என் மகளைத்தான் எடுத்துவரச் சொல்வார்.

இவருக்குப் பிழைப்பும் தேடுவதுதான். லத்தீன் மொழிக்கு அகராதி போடுகிற அலுவலகத்தில் ஆளுக்கு ஆயிரம் சொல் கொடுத்தார்கள். இவர் ஒரே ஒரு வினைச்சொல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குவைரோ. அர்த்தம்? "தேடுகிறேன்." யார் செய்த குசும்போ! ஒன்பது வருஷம். அந்தச் சொல் தேடுமாம், கேள்வி கேட்குமாம், கோர்ட்டில் விசாரிக்குமாம், சம்பாதிக்கவும் சம்பாதிக்குமாம். எந்தப் பழைய புத்தகத்தில் எப்படி வருகிறது என்று சீட்டுச் சீட்டாக எழுதி, செருப்புப் பெட்டியில் அடுக்குவார். செருப்பு? ஒன்று கட்டிலடியில், ஒன்று கதவடியில்.

ஒரு சீட்டு மட்டும் நாலு மாதமாகப் பெட்டிக்கு வெளியே கிடந்தது. இல்லாத ஆளை மனம் தேடுவதற்கும் அதே சொல்தானாம். அதைத் தனிப் பொருளாகச் சேர்க்கலாமா, கூடாதா?

"இதுல என்ன மாப்பிள்ளை யோசனை? அம்மா வெளியூர் போனா குழந்தை தேடுதுன்னு சொல்றதில்லையா?"

"அது தமிழ், அத்தை. லத்தீனுக்கு இன்னும் சான்று வேணும்."

"ஏன், அந்த பாஷைக்காரங்க வீட்டுல குழந்தையே பொறக்கலையா?"

"யோசிக்க வேண்டிய கேள்விதான்" என்று அதையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு அந்த எழுத்து தெரியாது. தமிழ் எழுத்தே தெரியாது. ஆனால் சாக்குப்போக்கு எந்த மொழியில் வந்தாலும் தெரியும்.

என் மகள் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன சனிக்கிழமை காய்ச்சலோடு வந்து படுத்தாள். "தெர்மாமீட்டரை எடுத்துக் குடுங்க" என்றாள்.

"எங்கே வச்சே?"

"மேசை டிராயர்ல."

எழுந்து போனார். அதுவே அதிசயம். நான் மருந்துக்கடைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், டிராயரில் கிடைத்த பழைய சீட்டு ஒன்றை மேசையில் விரித்து, அந்தத் தெர்மாமீட்டரையே வரிக்கு அடியில் வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே அவள் அனலாய்க் கொதிக்கிறாள்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. திங்கட்கிழமை காய்ச்சல் விட்டது. பையில் நாலு துணியை வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு, அதாவது என் பெரிய மகள் வீட்டுக்கு, கிளம்பினாள். நாற்காலியிலிருந்து குரல் வந்தது: "எப்ப வருவே?"

"நீங்க தேடி முடிச்சதும் சொல்லி அனுப்புங்க." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை, "துண்டை எங்கே வச்சே?" என்று வழக்கம்போலக் குரல். பதில் சொல்ல அவள் எங்கே இருக்கிறாள்? துண்டு எங்கே என்று எனக்குத் தெரியும். என் மகளைக் கொதிக்கவிட்ட மனிதருக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்? புதன்கிழமை அவளுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. வியாழக்கிழமை குரலே வரவில்லை. அன்றைக்கென்று அகராதி அதிகாரி வேறு போனில் கத்தினார்: "நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆள் வருவான். முடியலைன்னா உங்க சொல்லை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடுவோம்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. வெளியே கிடந்த சீட்டை எடுத்தார், ஏதோ எழுதினார், பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். என்ன எழுதினார் என்று எனக்கெப்படித் தெரியும்? எழுந்தார்.

"ஆள் வந்தா பெட்டியைக் குடுத்துடுங்க, அத்தை."

"முடிஞ்சுதா?"

"முடியலை."

"வேற ஆளுக்குக் குடுத்துட்டா?"

"குடுக்கட்டும்."

ஒன்பது வருஷம் குஞ்சைக் காக்கிற கோழிபோல் காத்த பெட்டி! வாசலில் நின்று காலை எதிலோ நுழைத்தார். வலது காலில் அவர் செருப்பு, இடது காலில் என்னுடையது. திரும்பிப் பார்த்தார்.

"அத்தை, பெரியவ வீடு எந்தத் தெரு?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். கேள்வியைப் பாருங்கள். தெருவும் தெரியும், கதவு நம்பரும் தெரியும். சொல்லுவேனா?

"தேடுங்க, மாப்பிள்ளை" என்றேன்.

போனார். தையல்காரி பார்த்தது அதைத்தான். வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஜோடி சேராத செருப்போடு, வழி கேட்டுக்கொண்டே யாராவது ஓடிப்போவார்களா?

சிரிக்கிறீர்களே, நேற்று சாவியை எங்கே வச்சே என்று படுத்த வாக்கில் கத்தியது யார்? பதில் வந்ததல்லவா? எதற்கும் ஒருதரம் எழுந்துபோய், பதில் சொன்ன அந்தக் குரல் இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.