சாம்பியனை அடிக்க ஊரில் ஆள் இல்லை

அன்புள்ள மருமகள் யரிசெலுக்கு,

சாந்தா ஆகதாவிலிருந்து உன் தாய்மாமன் ஹெராக்லியோ எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, உன் அப்பா, கூரை ஒழுகுவது நீங்கலாக எல்லாம் சுகம். தலைநகரத்தில் நீயும், உன்னிடம் ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், பக்கத்தில் நின்று உன் அம்மா குறுக்கே குறுக்கே பேசுவாள், கதையின் அழகு கெட்டுவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

"அப்பாவை மறுபடி ரிங்ல ஏற விட்டுடாதீங்க மாமா, இடது கண்ணுல இன்னொரு அடி விழுந்தா பார்வையே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று நீ போனில் அழுதாயே, அதற்கு நான் "மாமா இருக்கேன்ல" என்று சொன்னேனே, அந்தச் சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். எப்படி என்பதை நிதானமாகப் படி. உன் ஆஸ்பத்திரியில் மற்ற நர்ஸ்களுக்கும் படித்துக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன் அப்பா லியோன்சியோ லேசுப்பட்ட ஆளா? குத்துச்சண்டையில் இரண்டு தடவை உலக சாம்பியன், ஜப்பான்காரனை ஜப்பானிலேயே படுக்க வைத்தவர். இப்போது படகு மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டு சும்மா இருந்த மனுஷன், ஒருநாள் டோமினோ ஆடும்போது கையிலிருந்த காய்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்கிறார்: "டோக்கியோல அடிச்சேன், பாரிஸ்ல அடிச்சேன், பேர் வாயில நுழையாத ஊர்லல்லாம் அடிச்சேன். நம்ம சனம் என்னை டிவில பாத்ததோட சரி. நம்ம ஆகதா மாதா திருநாள் அன்னிக்கு கூடைப்பந்து மைதானத்துல ஒரே ஒரு சண்டை, மச்சான். அதுக்கப்புறம் மோட்டாரே கதின்னு கிடக்கேன்." நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உலக சாம்பியனிடம் முடியாது என்று முரண்டு பிடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும், டோக்கியோவில் அவர்களைத் தூக்கிப் போட்டவனே நான்தான். ஆகவே மூளையைப் பயன்படுத்தினேன். "சண்டை வெச்சுக்கலாம் மாப்பிள்ளை, ஆனா எதிராளி பிடிக்கிற பொறுப்பு என்னோடது" என்றேன். எதிராளி கிடைக்காவிட்டால் சண்டை ஏது? நாலாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.

தேடவே இல்லை என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று தேடுவதுபோலத் தேட ஆரம்பித்தேன். ஆரம்பித்த வேலையை அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் சீக்கிரமே உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தேன். முதலில் எவெலியோவிடம் போனேன். கோயில் வாசலில் ஐஸ் சீவி விற்கிறானே, அவன்தான். வாலிபத்தில் உன் அப்பாவிடம் புள்ளிக்கணக்கில் தோற்றவன். நடுவர்கள் செய்த சதி என்று இன்றைக்கும் ஐஸ் சீவச் சீவச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "பழி தீத்துக்க ஒரு சான்ஸ் வந்திருக்கு, வர்றியா?" என்று கேட்டேன். கத்தி நின்றது. கண் பளபளத்தது. அப்புறம் மங்கிவிட்டது.

"என் மூத்தவளுக்கு ஞானத்தகப்பன் யாரு?"

"யாரு?"

"உன் மாப்பிள்ளைதான்யா! அவளைக் கையில ஏந்துன அன்னியிலேருந்து, பெத்த தகப்பனும் ஞானத்தகப்பனும்ங்கிற முறையில, நாங்க ரெண்டு பேரும் கொம்பாத்ரே. கொம்பாத்ரேயைக் கை நீட்டி அடிச்சவனுக்குச் செத்தப்புறமும் அந்தக் கை குழிக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். மூட மண்ணு பத்தாது. சரி, உனக்கு ஐஸ் மேல புளிச்சாறு ஊத்தவா, பால் ஊத்தவா?"

இரண்டையும் ஊற்றச் சொல்லிவிட்டுப் போலீஸ்காரன் ஓல்மெதோவிடம் போனேன். கதவுக்குள் பக்கவாட்டில் நுழைகிற ஆகிருதி. அவன் வாயெல்லாம் பல்லாக, "சாம்பியன்கிட்ட அடி வாங்குனா பிரமோஷன் குடுப்பாங்களாண்ணே?" என்றான். அதிகம் வாங்கினால் அதிகம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவன் அம்மா வாழைக்காய் நசுக்கும் பலகையோடு ஸ்டேஷனுக்குள் வந்துவிட்டாள். "ஏண்டா, உனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப உன்னைத் தூக்கிப் பிடிச்ச மனுஷன்டா அவரு! அவரு புதுச் சட்டையில ஒண்ணுக்குப் போனதுக்கே நீ இன்னும் மன்னிப்புக் கேக்கலை, இதுல குத்து வேறயா?" என்று பலகையால் ஒன்று வைத்தாள். அது தவறி என் முழங்கையில் பட்டது. எனக்கு வலிக்கவில்லை, பலகைதான் விரிசல் விட்டது.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. உன் அப்பா பட்டத்தோடு இருந்த காலத்தில் இந்தக் கரையோரம் முழுக்க யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் நேரே நம் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். கைக்குழந்தையைக் காட்டினால் உன் அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. ஓர் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை தாய்மார்களின் வரிசை கோயிலிலிருந்து மீன் சந்தைவரை நின்றது. பிள்ளைகள் மாறிப் போகாமல் அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியது நான், பெரும்பாலும் மாறவில்லை. இப்போது பார், கலங்கரை விளக்கத்திலிருந்து ஆற்று முகத்துவாரம்வரை சண்டை போடுகிற வயதில் இருக்கிறவன் ஒன்று கொம்பாத்ரே, இல்லை ஞானப்பிள்ளை. அடிக்க ஒருத்தன் இல்லை. முன்யோசனையோடு நானே செய்துவைத்த ஏற்பாடு என்றுகூட நீ வைத்துக்கொள்ளலாம்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் டோமினோ மேஜையில் எல்லோரும், "ஹெராக்லியோவால ஒரு ஆளைக்கூடப் பிடிக்க முடியலையே" என்று சிரித்தார்கள். என்னால் முடியாது என்று யாராவது சொன்னால் என் கை சும்மா இருக்காது, போனை எடுத்துவிடும். கோலோனில் எனக்குத் தெரிந்த ஒரு சண்டை ஏற்பாட்டாளனிடம் பேசினேன். மறுநாள் மத்தியான பஸ்ஸில் ரூபியேல் வந்து இறங்கினான்.

போகாஸ் தீவுப் பக்கத்துப் பையன். இருபத்திநாலு வயது. நம் ஊருக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கூட அவன் மனைவி நெலீதா, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ரொம்ப மரியாதையான பையன், எனக்கு எழுந்து நின்று நாற்காலி கொடுத்தான். மீன்சந்தை ஐஸ் கிடங்கில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் பழக ஆரம்பித்தான். வலது கையால் ஒன்று விட்டான், மூட்டை தையலோடு பிரிந்து மணல் கொட்டியது. "சாம்பியனை அடிக்கணும்னு எனக்கு ஆசை இல்லீங்க. ஆனா ஏறிட்டேன்னா கை தானாப் போயிடுது" என்றான், மணலைத் தானே பெருக்கிக்கொண்டு.

வலது கை, மருமகளே. எதிரே நிற்கிறவனுக்கு அது வந்து இறங்குகிற இடம் இடது கண். எனக்கு நீ போனில் அழுதது காதில் கேட்டது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தேங்காய்ச் சோறு என்பதால் இரண்டு தட்டு மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். உன் அப்பாவோ வேலிக்கு அந்தப் பக்கம் கயிறு தாண்டிக்கொண்டே, "நல்ல பையனைப் பிடிச்சிருக்கே மச்சான்!" என்று கத்துகிறார்.

நேரே நெலீதாவிடம் போனேன். "குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆச்சாம்மா?" என்றேன்.

"ஊருக்குத் திரும்பினதும்தான் பண்ணணும்."

"அப்படியேவா தூக்கிக்கிட்டு வந்தே? திருநாள் கூட்டம் வேற! இந்த ஊர்க் கண்ணு சாதாரணக் கண்ணு இல்லம்மா. போன வருஷம் ஒருத்தி கொழுகொழுன்னு ஆட்டுக்குட்டியைக் கூட்டிட்டு வந்தா, திரும்பிப் போறப்ப அது பூனை சைஸுக்கு ஆயிடுச்சு."

அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரூபியேலைக் காதைப் பிடித்து இழுத்து வந்தாள். ஞானத்தகப்பனாக உலக சாம்பியனையே அழைத்து வருகிறேன் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உன் அப்பாவோ குழந்தை என்று கேட்டதுமே நல்ல சட்டையை இஸ்திரி போட எடுத்துவிட்டார். இருவரும் குழந்தையைப் பார்த்தார்களே ஒழிய ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பாதர் அன்செல்மோ தண்ணீர் ஊற்றி, குழந்தை ஓர் அலறு அலறி, எல்லாம் முறைப்படி ஆன பிறகு, "இனிமே நீங்க ரெண்டு பேரும் கொம்பாத்ரே. கட்டிப் பிடிச்சுக்குங்க" என்றார் பாதர். கட்டிப்பிடித்தார்கள். பிடித்த பிடி அப்படியே நின்றது.

"அப்ப... அடுத்த ஞாயிறு?" என்றான் ரூபியேல், உன் அப்பாவின் தோளிலிருந்து.

"அடுத்த ஞாயிறு என்னப்பா?" என்றார் பாதர்.

"சண்டை, சாமி."

"கொம்பாத்ரேயோடவா? ஆகதா திருநாள்லயா?" பாதர் மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டார். நெலீதா புருஷனுக்கும் சேர்த்துப் போட்டாள்.

உன் அப்பா குழந்தையின் நெற்றியைத் துடைத்துவிட்டு, மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த ஜப்பான்காரனையும் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். நம் மருந்துக்கடை டிவியில் அவ்வளவு துல்லியமாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பார்க்கச் சற்றுப் பாவமாகத்தான் இருந்தது.

ரூபியேல் குடும்பம் இன்று காலை பஸ்ஸில் போய்விட்டது. சண்டை இல்லை. எதிராளியும் இல்லை, இனி பிறந்தால்தான் உண்டு. பிறந்தாலும் உன் அப்பாதான் ஞானத்தகப்பன். கண் பத்திரம். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம், வேலையைப் பார். நீ தீர்க்காயுசாக இருந்து, நல்ல மாப்பிள்ளை அமைந்து, பிள்ளைகளுக்கு இந்த மாமாவின் புத்தியும் உன் அப்பாவின் தோளும் வாய்க்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு, சொன்ன சொல் தவறாத
உன் மாமா ஹெராக்லியோ

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் உன் அப்பா வந்தார். கையில் இரண்டு ஜோடி கையுறை. "யோசிச்சுப் பாத்தேன் மச்சான். இந்தக் கரையோரத்துல என்னைக் கொம்பாத்ரேன்னு கூப்பிடாத ஆம்பிளை ஒருத்தன் மிச்சம் இருக்கான். அவனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது" என்றார். "யாரு மாப்பிள்ளை அந்தப் பாவம்?" என்று கேட்டேன். ஒரு ஜோடியை என் மடியில் போட்டார். எனக்கு அறுபது வயது என்று எடுத்துச் சொன்னேன். "மச்சானை அடிக்கலாமான்னு பாதர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வர்றேன். தாராளமான்னார்" என்றார். சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, என் பெயரில் எழுத்துப்பிழை இல்லை. உன் அம்மா முதல் வரிசையில் நாற்காலி போட்டுவிட்டாள். உன் அப்பா கண்ணைப் பற்றி நீ இனிக் கவலைப்படவே வேண்டாம், என் கை அவ்வளவு தூரம் போகாது. கேட்க வந்தது வேறு: உன் வார்டில் மிர்ஸா என்று ஒரு விதவை, கைக்குழந்தைக்காரி, இருக்கிறாள் என்றாயே, அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா? அவளுக்கு மறுமணத்தில் ஆட்சேபணை உண்டா? இரண்டுக்கும் பதிலை இந்தக் கடிதம் கொண்டுவரும் பஸ் டிரைவரிடமே சொல்லி அனுப்பு. சனிக்கிழமைக்குள் என்றால் உத்தமம்.